பேயடியும் பீடிக்கட்டும்

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆனால் போதும், அம்பாசமுத்திரம் பஜாரில் பேய்களுக்குப் பொல்லாத நேரம் தொடங்கிவிடும்.

பீடிக்கடைக்கு அடுத்த கடைதான் ஷம்ஸியாவின் 'தம்மாம் கேம்ஸ்'. உள்ளே பெரிய டிவி. டிவிக்குள் பேய்கள் கும்பல் கும்பலாகச் சுவரேறிக் குதித்து வரும். எதிரே விரித்த பாயில் சம்மணம் போட்டிருக்கிற சுடலைவடிவு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ரிமோட்டைக் கையில் வாங்குவாள். அதற்கப்புறம் ஒரு பேய் உயிரோடு தப்பிக்கட்டும், பார்ப்போம்.

சுடலைவடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆழ்வார்குறிச்சிக்காரி. பாவாடை கட்டின காலத்திலிருந்து பீடி சுற்றுகிறாள். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிற விரல்களுக்கு ரிமோட்டில் இருக்கிற பத்துப் பதினைந்து பட்டன் எந்த மூலைக்கு? காலேஜ் பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆடுகிற கட்டத்தை அவள் வெற்றிலை மென்றுகொண்டே முடித்துவிடுவாள். கூட வருகிற பொன்செல்வி இருபத்திநாலு வயதுப் பெண், அவள் இன்னும் மோசம். அந்த ஆட்டத்துக்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் உண்டு. இவர்கள் வைத்த பெயர் பேயடி.

இவர்கள் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் பீடிக்கடைச் செக்கர் இசக்கிமுருகன் அண்ணாச்சிதான், புண்ணியவான். சுற்றின பீடியைக் கொண்டுவந்தால் அவர் ஒவ்வொரு கட்டாகப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். அதுவரை தெருவில் வெயிலில் நிற்க வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில் ஷம்ஸியாதான், "உள்ள வந்து காத்தாடிக்குக் கீழ இருங்க மதினி" என்று கூப்பிட்டாள். காற்றுக்கு வந்தவர்கள் ரிமோட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டது தொட்டதுதான், விடவில்லை. இப்போது திங்களும் வியாழனும் அரை மணிக்கு இவ்வளவு என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆடுகிறார்கள்.

ஆடும்போது ஒவ்வொரு பேய்க்கும் பெயர் இசக்கிமுருகன். அதற்கும் நியாயம் இருந்தது. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. அதில் நாலு கோணலாக இருந்தால் நாலைத்தானே எடுக்க வேண்டும்? அந்த மனுசர் முழுக் கட்டையும் பிய்த்துக் கழிவுக் கூடையில் வீசிவிடுவார். பாடுபட்ட மீதி இருபத்தொன்றும் குப்பை. "முழுக் கட்டையுமாவே கழிக்க? இந்தா, வாங்கிக்கோ!" என்று சுடலைவடிவு சுடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கிமுருகனுக்குத் தன் பெயரும் துப்பாக்கிச் சத்தமும் ஒன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். அவருக்கு ஒன்றும் புரிந்ததில்லை.

ஷம்ஸியாவுக்கு முப்பத்தைந்து வயது. மாப்பிள்ளை அலி அஸ்கர் வெளிநாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அவள் முதலில் வீட்டில் வைத்து நைட்டி விற்றாள். அக்கம்பக்கத்தில் ஆறு பேர் நைட்டி விற்றதால் ஆறு பேரும் ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் அலி அஸ்கர் இரண்டு ப்ளேஸ்டேஷனும் ஒரு பெட்டி டிஸ்க்கும் அனுப்பி வைத்தான். டிஸ்க் விற்பது, வாடகைக்குக் கொடுப்பது, மணிக்கணக்கில் ஆட விடுவது என்று கடை பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: தானே கடைசிவரை ஆடிப் பார்க்காத டிஸ்க்கை அலமாரியில் வைக்க மாட்டாள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, கூட்டம் வருவதற்குள் ஆடி ஆடி, ஊரில் அவளை ஜெயிக்க ஆள் இல்லாமல் போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் தனக்கு வரும் என்று தெரிந்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அந்தச் செய்தி வந்தது. வடக்கே எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வயதுப் பையன் கூடப் படிக்கிற இரண்டு பேரை வகுப்புக்குள் வைத்தே வெட்டிவிட்டான். ஒரு பிள்ளை பிழைக்கவில்லை. டிவியில் நாலு பேர் உட்கார்ந்து, அவன் எப்போதும் சண்டை கேம் ஆடுகிறவன், அதுதான் காரணம் என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். செத்த பிள்ளையின் தாயைக் காட்டியபோது ஷம்ஸியா கடையில் தனியாக உட்கார்ந்து அழுதாள். பிறகு அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் என்னமோ போல் இருந்தது.

சனிக்கிழமை காலையில் பஜார் வியாபாரிகள் சங்கத் தலைவர் காஜா முகைதீன் வந்தார். இரும்புக்கடைக்காரர். கடையின் இடமும் அவருடையதுதான். கூடவே சங்கச் செயலாளர் வந்தார், அவர் வேறு யாருமில்லை, நம்முடைய செக்கர் இசக்கிமுருகன்.

"ஏம்மா ஷம்ஸியா, உன்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் காஜா முகைதீன். உட்காரவில்லை. "சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. சண்டை, வெட்டு, குத்து உள்ள டிஸ்க்கு எதுவும் நம்ம பஜார்ல இருக்கப்படாது. திங்கக்கெழம சாயந்தரத்துக்குள்ள எடுத்துரு."

"எல்லாத்தையுமா சாச்சா?"

"எல்லாத்தையும்தாம்மா" என்று முந்திக்கொண்டார் இசக்கிமுருகன். "ஒண்ணுவிடாம. துப்பாக்கிச் சத்தம் நாள் முழுக்கக் காதுல விழுது."

"அந்தப் பையன் கேம் ஆடினதாலதான் செஞ்சான்னு யாரு கண்டா சாச்சா? இங்க ரெண்டு வருசமா ஆடுதாங்க. ஒருத்தர ஒருத்தர் கிள்ளுனதுகூட இல்ல."

காஜா முகைதீன் கெட்ட மனுசர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்ட மனுசராக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவர் கண் சிவந்திருந்தது.

"எனக்கும் தெரியாதும்மா. ஆனா அந்தப் பிள்ளயப் பெத்தவ டிவியில அழுதாள்லா, அதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. நம்மால ஆனது எதையாவது செய்ய வேண்டாமா? நீ எடுக்கலைன்னா கடையக் காலி பண்ணித்தான் ஆவணும். நான் தலைவரா இருந்துக்கிட்டு என் எடத்துலயே வச்சிருக்க முடியாது."

அவர்கள் போன பிறகு ஷம்ஸியா அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். சண்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிரிக்கெட், கார் ரேஸ், சமையல் செய்கிற ஆட்டம் ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டலாம். எடுக்க மாட்டேன் என்றால் இடம் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் திரும்ப வீட்டுக்குள் போய் நைட்டி மூட்டையை அவிழ்க்க வேண்டியதுதான்.

தம்மாமுக்குப் போன் போட்டாள். அலி அஸ்கர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டான்.

"எடுத்துரு ஷம்ஸி. பெரிய மனுசன்ட்ட எதுக்கு வம்பு?"

"எடுத்தா கடை போயிரும்லா?"

"அப்போ எடுக்காத."

"எடுக்கலன்னாலும் கடை போயிரும்லா?"

"அதுவும் சரிதான்" என்றான். "நீ என்ன நெனைக்கியோ அதச் செய்யி. நான் அதத்தான் மொதல்லயே சொல்ல வந்தேன்."

இந்த ஆலோசனைக்கு வெளிநாட்டுப் போன் செலவு வேறு.

திங்கட்கிழமை மத்தியானம் சுடலைவடிவு, பொன்செல்வி, கமர் நிஷா, ஆழ்வார்குறிச்சிக்காரிகள் இன்னும் ஏழு பேர் பீடித்தட்டுகளை அடுத்த கடையில் வரிசை போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அலமாரி பல் விழுந்த வாயாகக் கிடந்தது. ஷம்ஸியா அட்டைப்பெட்டி ஒன்றில் கடைசி டிஸ்க்கை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கட்டி பேயடி?" என்றாள் சுடலைவடிவு.

ஷம்ஸியா சொன்னாள். செய்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தாயைப் பற்றிப் பேச்சு வந்ததும் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள், கமர் நிஷா கண்ணைத் துடைத்தாள். ஆனால் எல்லா டிஸ்க்கையும் எடுக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் சுடலைவடிவு நிமிர்ந்தாள்.

"எல்லாத்தையுமா? ஒண்ணுவிடாமயா?"

"ஒண்ணுவிடாம."

"எது எப்படின்னு பிரிச்சுப் பாத்தாவளா?"

"பாக்கல மதினி. எல்லாத்தையும் எடுன்னுதான் செக்கர் அண்ணாச்சி சொன்னாவ."

"யாரு? செக்கரா?" சுடலைவடிவு வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். அவள் துப்பிவிட்டு வந்தால் பெரிய பேச்சு இருக்கிறது என்று அர்த்தம். "அதான பாத்தேன். வேற எவனுக்கு இந்தப் புத்தி வரும்? வரட்டும்ட்டி, வரட்டும். நீ பெட்டியக் கட்டாத."

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். பாயை நிறைத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இசக்கிமுருகனுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அடுத்த கடையில் அவர் நாற்காலியில் இருப்பார், இவர்கள் தெருவில் நிற்பார்கள். இங்கே இவர்கள் உட்கார்ந்திருக்க அவர் நின்றார்.

"வாங்க மொதலாளி" என்று சுடலைவடிவு காஜா முகைதீனிடம் ஆரம்பித்தாள். "அந்தப் பையன் எதாலய்யா வெட்டுனான்?"

"அருவாளாலதாம்மா."

"உங்க கடையில அருவா தொங்குதே?"

பாயில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காஜா முகைதீன் அசரவில்லை. "அருவா கருதறுக்க, வெறகு வெட்ட உள்ள சாமான். வேலைக்குன்னு கேட்டாத்தான் கொடுப்பேன். சும்மா விளையாடத் தாங்கன்னு ஒருத்தன் கேட்டா நான் கொடுப்பேனா?"

நல்ல பதில்தான். சுடலைவடிவே தலையை ஆட்டிவிட்டாள். பிறகு பைய இசக்கிமுருகன் பக்கம் திரும்பினாள்.

"அது சரி. செக்கர் அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. ஒரு கட்டுல நாலு பீடி கோணல்னு வச்சுக்கிடுவோம். என்ன செய்யணும்?"

இசக்கிமுருகன் சுற்றிலும் பார்த்தார். பத்துப் பெண்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா சொல்லுங்க. நாலு கோணலுக்காக நல்ல இருபத்தொண்ணையும் சேத்துக் கழிக்கணுமா?"

"எவனாவது அப்படிச் செய்வானா?" என்றார் காஜா முகைதீன், பாவம், விசயம் தெரியாமல். "ஒரு பெட்டி ஆணியில நாலு துருப்பிடிச்சிருந்தா நான் பெட்டியோடயா ஆத்துல போடுதேன்? என்னவே இசக்கிமுருகன், அப்படியா செய்யுதீரு?"

கழிக்க வேண்டும் என்று சொன்னால் தலைவர் முன்னால் மானம் போகும். கோணலை மட்டும் எடுக்க வேண்டும் என்று சொன்னால் இந்தப் பத்துப் பேரும் இன்றைக்கே பக்கத்துக் கடையில் வைத்து அதையே திருப்பிச் சொல்வார்கள். இசக்கிமுருகன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"கோணல மட்டும்தான் எடுக்கணும்" என்றார் முணுமுணுப்பாக.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, கமர் நிஷாவுக்குக் காது கேக்காது."

"எனக்கு நல்லாத்தான்..." என்று ஆரம்பித்த கமர் நிஷாவின் தொடையில் பொன்செல்வி ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"கோணல மட்டும்தான் எடுக்கணும்!" என்று கத்தினார் இசக்கிமுருகன். பாயே குலுங்கிற்று. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"அப்போ இந்தப் பெட்டியையும் அவிழ்த்து ஒவ்வொண்ணாப் பாருங்க" என்றாள் சுடலைவடிவு. "எது கெட்டதோ அத எடுங்க. நாங்க ஒரு வார்த்தை பேசமாட்டோம்."

காஜா முகைதீன் தாடியைத் தடவினார். நியாயமாகத்தான் பட்டது. ஷம்ஸியா இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, போடும்மா. பாப்போம்."

முதலில் குஸ்தி. ஜட்டி போட்ட இரண்டு மலைகள் ஒன்றையொன்று தூக்கித் தரையில் அடித்தன. அடிபட்டவன் எழுந்தான், அடித்தவனை அடித்தான், அவனும் எழுந்தான். காஜா முகைதீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நம்ம சங்கத் தேர்தல் மாதிரில்லா இருக்கு. பாஸு."

அடுத்தது பேயடி. பொன்செல்வி ரிமோட்டை வாங்கினாள். நாலு பேய் விழுந்தன. ஐந்தாவது கொஞ்சம் பெரியது, முன்னால் வந்து நின்றது. பழக்கதோசத்தில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை: "வாலே இசக்கிமுருகா, உனக்குத்தான் காத்திருக்கேன்!"

பொன்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"அது நானா?" என்றார் இசக்கிமுருகன். இரண்டு வருசமாகச் சுவருக்கு அப்பால் கேட்டதெல்லாம் அவருக்கு அந்த ஒரு நிமிசத்தில் விளங்கிவிட்டது.

"முன்னால நிக்கவன்தான் நீங்க" என்றாள் சுடலைவடிவு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று. "பின்னால குண்டா நிக்காம்லா, அவன் உங்க கம்பெனி மானேசர்."

இசக்கிமுருகன் டிவிக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனார். குண்டுப் பேயை உற்றுப் பார்த்தார். போன வாரம் அந்த மானேசர் எல்லோர் முன்னாலும் வைத்து அவரை எவ்வளவு பேசியிருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். "எங்கன அமுக்கணும்?" என்று கேட்டுக் கையை நீட்டினார்.

அவருக்கு நடக்கவே வரவில்லை. நேராகப் போய்ச் சுவரில் முட்டினார். திரும்பச் சொன்னால் வானத்தைப் பார்த்தார். "வலது பக்கம் அண்ணாச்சி! உங்க வலது!" என்று பத்துப் பேரும் கத்த, கடைசியில் எப்படியோ குண்டுப் பேய் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டது. விழுந்தது. இசக்கிமுருகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"இதுல ஒண்ணும் தப்பு தெரியல தலைவரே" என்றார்.

இப்படி ஒவ்வொன்றாகப் போட்டார்கள். வாள் சண்டை, பாஸ். பறக்கிற பாம்பு, பாஸ். ஒன்றில் கார் ஓட்டிக்கொண்டு போய்த் தெருவில் நடக்கிறவர்களை இடித்தால் புள்ளி கிடைத்தது. "ரோட்டுல செவனேன்னு போறவன இடிச்சதுக்குப் பரிசா? இத எடு" என்றார் காஜா முகைதீன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. சுடலைவடிவே அதை எடுத்து ஓரமாக வைத்தாள். கடைசியாக 'எல்லைப்படை'. பனிமலை, பட்டாளத்து உடுப்பு, கொடி. முதல் கட்டத்தைப் பார்த்ததுமே காஜா முகைதீன் எழுந்துவிட்டார். "மிலிட்டரி. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எத்தன பேரு பட்டாளத்துல இருக்காவ! பாஸு, பாஸு."

ஷம்ஸியாவுக்கு நம்ப முடியவில்லை. கடை பிழைத்துவிட்டது. எல்லைப்படைதான் அந்தக் கடையை ஓட்டுகிற டிஸ்க். மூன்று வைத்திருந்தாள், ஒன்று கடையில் இருக்க மற்ற இரண்டும் எப்போதும் வாடகையில் வெளியேதான் இருக்கும். முன்பதிவு வேறு.

காஜா முகைதீன் தன் செலவில் எல்லோருக்கும் நன்னாரி சர்பத் வாங்கிவரச் சொன்னார். இசக்கிமுருகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பதினெட்டு வருச செக்கரு நான்" என்று சர்பத்தை உறிஞ்சிக்கொண்டு பெருமை பேசினார். "எவளாவது கெட்ட பீடிய மேல வச்சுக் கட்டுவாளா? நடுவுலதான் சொருகுவா. என் கண்ணு நேரா நடுவுக்குத்தான் போவும். சுடலைவடிவு, ஒருநாளாவது என்ன ஏமாத்திருக்கியா?"

"முப்பது தரம் பாத்தாச்சு, முடியலயே" என்று அவள் ஒத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஷம்ஸியா மட்டும் சர்பத்தைக் குடிக்காமல் எல்லைப்படை டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லைப்படையின் ஒன்பதாவது கட்டம் அவளுக்குத் தெரியும். அங்கே பனிமலை இல்லை. எதிரிகள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒளிந்திருப்பார்கள். நீளமான வராந்தாவில் ஓடி, வகுப்புக் கதவுகளை ஒவ்வொன்றாக உதைத்துத் திறந்து சுட வேண்டும். பெஞ்சுகளுக்கு அடியில் பிள்ளைகள் பதுங்கியிருக்கும். அவர்கள் மேல் குண்டு பட்டாலும் ஆட்டம் கேட்காது, புள்ளியும் குறையாது. முதலில் ஆடியபோது அவளும்தான் ஆடினாள். ஆடி முடித்துவிட்டு, வருகிறவர்களிடம் எல்லாம், "ஒம்பதாவது கட்டம் பயங்கரமா இருக்கும், விடாம ஆடுங்க" என்று வாய் நிறையச் சொல்லி டிஸ்க்கைக் கொடுத்தாள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவளைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது இதுதான். மற்ற டிஸ்க் எதைப் பற்றியும் அவளுக்குக் கவலை இருந்ததே இல்லை.

ஆனால் ஒன்பதாவது கட்டத்துக்குப் போக ஒரு வாரம் உட்கார்ந்து ஆட வேண்டும். இந்த இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் போகப்போவதில்லை. பீடிக்காரப் பெண்களும் பேயடியைத் தாண்டியதில்லை. பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சர்பத்தைக் குடித்தால் போதும். இரண்டு நாளாக எடு, எடு என்று அவர்கள் சொன்னபோது எடுக்கக் கூடாது என்றுதான் அவளுக்கு வீம்பாக இருந்தது. இப்போது யாரும் சொல்லவில்லை.

தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எல்லாக் கட்டையும் மேலதான் பாத்திய. நடுவுல பாக்கவே இல்லையே."

இசக்கிமுருகன் புரியாமல் பார்த்தார். ஷம்ஸியா எல்லைப்படையை மறுபடி போட்டாள். தான் ஆடி முடித்து வைத்திருந்த கட்டங்களைத் திறந்து, ஒன்பதாவதைத் தொட்டாள்.

வராந்தா வந்தது. சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள், ஆணியில் மாட்டிய புத்தகப் பைகள். அவள் ஆட்டத்தை நடத்திக்கொண்டுபோய் முதல் கதவைத் திறந்தாள். பெஞ்சுக்கு அடியில் இரண்டு பிள்ளைகள் தலையில் கை வைத்துக் குனிந்திருந்தன. ஷம்ஸியா எதையும் அமுக்கவில்லை. திரையின் நடுவில் துப்பாக்கி மட்டும் அசையாமல் நின்றது.

"பள்ளிக்கூடம்லா இது" என்றாள் பொன்செல்வி. யாரும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"நிறுத்தும்மா" என்றார் காஜா முகைதீன்.

டிஸ்க்கை வெளியே எடுத்தாள். கடையை ஓட்டிக்கொண்டிருந்த டிஸ்க். கார் இடிக்கிற டிஸ்க்குக்கு மேலே அதைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, இத ஏன் நீயாச் சொன்ன?" என்று அவள் முதுகைத் தடவினாள் சுடலைவடிவு. அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "பேசாம இருந்திருந்தா பாஸாயிருக்கும். யாரு கண்டா?"

"நான் கண்டேன்லா மதினி" என்றாள் ஷம்ஸியா.

காஜா முகைதீன் இசக்கிமுருகனிடமிருந்து சங்க நோட்டை வாங்கினார். தீர்மானம் எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இனிமே சங்கத்துலருந்து எவனும் உன் கடைக்கு டிஸ்க்கு பாக்க வரமாட்டாம்மா. எது இருக்கணும் எது போவணும்னு நீயே பாத்துக்கோ. நீ பாத்தாச் சரியா இருக்கும்."

முப்பத்தைந்து வருசத்தில் அவளிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னும் ரெண்டு டிஸ்க்கு வெளிய இருக்கு சாச்சா, வாடகைக்குப் போயிருக்கு" என்றாள். "ஒண்ணு இங்கன பக்கத்துத் தெருதான், நானே போய் வாங்கிருவேன். இன்னொண்ணு ஆழ்வார்குறிச்சி. பஸ்ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல வாட்டர் டேங்க் ஆபரேட்டர் வீடு."

"நம்ம நூகு வீடாட்டி?" சுடலைவடிவு எழுந்து முந்தானையை உதறினாள். "பீடிய எண்ணிக் கொடுத்துட்டு ஏழு மணி பஸ்ஸுல போயி நானே வாங்கிட்டு வாரேன்."

"முழு வாரத்துக்கு வாடகை குடுத்திருக்காரு மதினி. இப்பமே தரமாட்டேன்னா?"

"தரமாட்டானா!" சுடலைவடிவு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நாங்க பத்துப் பேரும்லா போறோம்."